அம்மாவின் பாத எரிவும் சுண்டெலியின் காலில் விழுந்த நீல ஒளியும்

மகள், உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மற்றவர்களும் விளங்கிக்கொள்ளும்படி அதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உங்கள் அம்மா 28 ஆண்டுகளாகக் கொழுந்து பறிக்கிறார். வயது 52. சீனி வருத்தம் வந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளாக இரவில் பாதங்கள் தணலில் வைத்தாற்போல எரிகின்றன. மார்கழிக் குளிரில் லயத்துக் காம்பராவே உறைந்து கிடக்கும்போதும், கம்பளியின் ஓரம் காலில் படுவதைப் பொறுக்கமாட்டாமல், அதை முழங்காலுக்கு மேலே சுருட்டி வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். எக்ஸ்ரே பார்த்தவர்கள் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். மலையில் சிலர் ‘வேலைக்குக் கள்ளம்’ என்று பேசுகிறார்கள். இந்த நிலையில் நீங்கள் ஒரு காணொளி பார்த்திருக்கிறீர்கள். அதில் சுண்டெலியின் பாதத்தில் நீல ஒளி விழ அது காலைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது. வேறொரு எலியின் நொந்த காலில் மஞ்சள் ஒளி விழ, கால் அமைதியடைகிறது. இது உண்மையா, உண்மையானால் அம்மாவுக்குக் கிடைக்குமா, நகரத்தில் ஓரிடத்தில் பத்துத் தடவைக்கென்று பணம் கேட்கும் ‘லேசர்’ இதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் உடற்றொழிலியல் கற்பிப்பவன். என் அம்மாவும் கூடை சுமந்தவர். ஆகவே நேரடியாகவே சொல்கிறேன். காணொளியில் கண்டது உண்மை. மனிதரின் வலிக்கு அது இன்னும் மருத்துவமாக வரவில்லை. உலகில் எந்த ஆஸ்பத்திரியிலும் அதை வாங்க முடியாது. நகரத்து லேசர் அதுவல்ல. ஆனால் அந்த எலி ஆய்வுகள் உங்கள் அம்மாவைப் பற்றி இன்றைக்கே ஒரு செய்தியைச் சொல்கின்றன. காயம் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் வலி உண்மையாக இருக்கும். அது எந்த நரம்புக்கலத்தில் பிறக்கிறது என்பதைத் தொட்டுக் காட்டவும் முடியும். அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மலையிலிருந்து இறங்கும் குறுக்குப் பாதையில் வெறுங்காலோடு வரும்போது பெருவிரல் கல்லில் இடித்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இருக்கும். இடித்த மறுகணமே கூர்மையான ஒரு குத்து. கால் தானாக மேலே வந்துவிடும். பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, மெல்லப் பரவும் எரிவும் உளைச்சலும் வந்து சேரும். இரண்டும் வேறு வேறு நரம்பு நார்களில் வருகின்றன. முதலாவதைக் கொண்டுவரும், மயலின் என்ற கொழுப்புறை மெல்லியதாகச் சுற்றிய நார்கள் செக்கனுக்கு 5 முதல் 30 மீற்றர் வரை வேகமுடையவை. இரண்டாவதைக் கொண்டுவரும் உறையற்ற ‘சீ’ வகை நார்கள் செக்கனுக்கு 0.5 முதல் 2 மீற்றர் வேகத்தில்தான் நகரும். பாதத்திலிருந்து முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) வரை ஏறக்குறைய ஒரு மீற்றர் தூரம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மூச்சு இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்த நார்களுக்குச் சொந்தமான கலங்களின் உடல்கள் முதுகெலும்பின் இரு பக்கமும் சிறு முடிச்சுகளாக இருக்கும் முதுகுவேர் நரம்புத்திரட்டுகளில் இருக்கின்றன. கேடு விளைவிக்கும் சூடு, அழுத்தம், நச்சு ஆகியவற்றை அறிவிப்பதே இவற்றின் வேலை என்பதால் இவற்றை நோவுணர் நரம்புக்கலங்கள் என்கிறோம். குளவி கொட்டும்போது அதன் நஞ்சில் உள்ள கைனின் வகைப் பொருள்கள் எழுப்பிவிடுவதும் இவற்றைத்தான்.

வலியை ஆராய்ந்தவர்களுக்கு நெடுங்காலம் இருந்த சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காலுக்குப் போகும் ஒரு நரம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வலியைச் சொல்லும் நார், தொடுகையைச் சொல்லும் நார், தசையை அசைக்கும் நார் எல்லாம் ஒரே கட்டில் கலந்து கிடக்கும். மின்சாரம் கொடுத்தால் எல்லாம் ஒன்றாக எழும். விறைப்பு ஊசி போட்டால் எல்லாம் ஒன்றாக உறங்கும். ஒரு லயத்தின் பத்துக் காம்பராவுக்கும் ஒரே மெயின் சுவிட்ச் இருந்தால், ஒரு வீட்டு விளக்கை அணைப்பதற்கு எல்லோரையும் இருட்டில் விட வேண்டியிருப்பதைப் போன்றது அது. குளிசைகளோ இரத்தத்தில் கலந்து தலை முதல் கால் வரை போகின்றன. அதனால்தான் வலிக் குளிசை போட்டவருக்குத் தலை சுற்றுகிறது, மலச்சிக்கல் வருகிறது. மரபணுக்களைத் தாங்கும் டி.என்.ஏ-யின் வடிவத்தைக் கண்டவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், 1979ஆம் ஆண்டிலேயே, மூளையை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் ஒரு வகை நரம்புக்கலத்தை மட்டும் நிறுத்தி மற்றவற்றை அப்படியே விடும் வழி வேண்டும் என்று எழுதினார். பின்னர் 1999இல், அதற்கு ஒளி உதவக்கூடும் என்றும் சொன்னார். எப்படி என்பது அப்போது யாருக்கும் பிடிபடவில்லை.

வழி வந்தது குளத்து நீரிலிருந்து. உங்கள் பாடத்தில் வரும் கிளமிடோமொனாசு என்ற ஒற்றைக்கலப் பச்சை அல்காவுக்கு ஒரு கட்பொட்டு உண்டு. அதைக் கொண்டு அது ஒளியின் திசையறிந்து நீந்துகிறது. அந்தக் கட்பொட்டில் இருக்கும் ஒரு புரதம்தான் இந்தக் கதையின் நாயகன். ஜேர்மனியில் பீற்றர் ஹெகமன், கெயோர்க் நாகெல், ஏர்ன்ஸ்ற் பம்பேர்க் ஆகியோர் 2002, 2003ஆம் ஆண்டுகளில் அதைப் பிரித்து விளக்கினார்கள். சானல்ரொடொப்சின் என்று பெயரிடப்பட்ட அந்தப் புரதம் கலமென்சவ்வில் ஒரு கதவாக நிற்கிறது. அதன் நடுவே விற்றமின் ஏ-யிலிருந்து வரும் ரெற்றினல் என்ற சிறு மூலக்கூறு தாழ்ப்பாள்போல இருக்கிறது. ஏறக்குறைய 470 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டதும் ரெற்றினல் வடிவம் மாறுகிறது, கதவு திறக்கிறது, வெளியே காத்திருக்கும் சோடியம் முதலிய நேரேற்ற அயன்கள் உள்ளே பாய்கின்றன. ஓய்விலிருக்கும் நரம்புக்கலத்தின் உட்புறம் ஏறக்குறைய 70 மில்லிவோல்ற் எதிரேற்றத்தில் இருக்கும் என்று படித்திருப்பீர்கள். நேரேற்றம் உள்ளே பாய்ந்தால் என்ன நடக்கும்? கணத்தாக்கம், அதாவது நரம்பு வழியே ஓடும் மின்செய்தி, பிறக்கும். அல்காவை நீந்தச் செய்த அதே கதவு, நரம்புக்கலத்தில் நடப்பட்டால், ஒளியைக் கொண்டு அதைப் பேச வைக்கும். 2005இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் கார்ல் டைசரொத், எட்வட் பொய்டன், ஃபெங் சாங் ஆகியோர், நாகெல், பம்பேர்க் இருவரோடும் சேர்ந்து இதைச் செய்து காட்டினார்கள். ஒளிமரபியல் என்று இப்போது அழைக்கப்படும் முறை அங்கிருந்துதான் பரவியது.

பேச வைப்பதற்கு ஒரு கதவு கிடைத்ததுபோல, வாய்மூடச் செய்வதற்கு ஒரு பம்பியும் கிடைத்தது. எகிப்தின் காரத்தன்மையுள்ள உப்பேரிகளில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து வந்த ஹலோரொடொப்சின் அது. மஞ்சள் ஒளி பட்டால் அது குளோரைட்டு அயன்களை உள்ளே இறைத்துக் கலத்தின் எதிரேற்றத்தைக் கூட்டிவிடும், கலம் அமைதியாகும். உங்கள் காணொளியின் இரண்டு நிறங்களுக்கும் காரணம் இவ்வளவுதான்.

இந்தப் புரதங்களை நோவுணர் கலங்களில் மட்டும் எப்படி வைப்பது என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். அந்தக் கலங்களில் பெரும்பாலானவை ‘நவ் 1.8’ என்ற ஒரு வகைச் சோடியம் வாயிலைப் பயன்படுத்துகின்றன. தசையை அசைக்கும் நரம்புகள் அதைப் பயன்படுத்துவதில்லை. அந்த வாயிலுக்கான மரபணு விழித்திருக்கும் கலத்தில் மட்டும் அல்காவின் மரபணுவும் விழிக்கும்படி எலியைப் பிறப்பிலேயே மாற்றிவிடலாம். அல்லது, நோய் தராத ஒரு சிறு வைரசுக்குள் அல்காவின் மரபணுவை வைத்து, வளர்ந்த எலியின் கால் நரம்பில் ஊசியாகப் போடலாம். இரண்டும் நடந்திருக்கின்றன.

முதல் வழியைக் கனடாவின் மொன்றியலில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்டனர். கண்ணாடித் தளத்தில் எலி தன் பாட்டில் நடமாடுகிறது. கீழேயிருந்து அதன் பின்னங்காலில் நீல ஒளி விழுகிறது. சூடு இல்லை, ஊசி இல்லை, கிள்ளல் இல்லை. எலி காலை இழுக்கிறது, உதறுகிறது, நக்குகிறது. இதைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது வேறொன்று: நீல ஒளி விழும் தளத்திலிருந்து விலகி வேறு இடத்தை அது தேடிப் போகிறது. காலை இழுப்பது முண்ணாணோடு முடியும் தெறிவினையாக இருக்கலாம். இடத்தையே வெறுத்து விலகுவது மூளை வரை போன துன்பத்தின் அடையாளம்.

இரண்டாவது வழியை 2014இல் ஸ்ரான்போட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இடுப்பு நரம்பில் வைரசை ஊசியாகப் போட்டுச் சில கிழமைகள் காத்திருந்தார்கள். பிறகு தோலின் மேலே ஒளியைக் காட்டினாலே போதுமாக இருந்தது. வெட்டவோ தைக்கவோ தேவையில்லை. சானல்ரொடொப்சின் பெற்ற எலிகள் நீல ஒளிக்குக் காலை இழுத்தன. ஹலோரொடொப்சின் பெற்ற எலிகள் மஞ்சள் ஒளி இருக்கும்போது சூட்டையும் அழுத்தத்தையும் கூடுதலாகத் தாங்கின. நரம்பைச் சிறிது நெருக்கி நாட்பட்ட வலியை உண்டாக்கிய எலிகளிலும், மெல்லிய தொடுகைக்கே துடித்த கால் மஞ்சள் ஒளியில் இயல்புக்குத் திரும்பியது. அந்தத் தொடுகையை அளக்க அவர்கள் பயன்படுத்திய கருவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்குத் திரும்பி வருவேன். அது ஒரு துண்டு நைலோன் நூல். ஜேர்மனியில் பணியாற்றிய வொன் ஃபிறை என்ற உடற்றொழிலியலாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதிரை மயிரைக் கொண்டு தொடங்கிய சோதனை அது. நூலின் நுனியைப் பாதத்தில் வைத்து, நூல் வளையும் வரை அழுத்துவார்கள். நூலின் தடிப்புக்கு ஏற்ப, வளையும்போது அது கொடுக்கும் விசை எப்போதும் ஒன்றாகவே இருக்கும்.

இனி உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். மொன்றியல் ஆய்வில் இன்னொரு பகுதி உண்டு. மெல்லிய நீல ஒளியை நீண்ட நேரம் எலியின் பாதத்தில் காட்டிவிட்டு அணைத்த பின்னும், அந்தக் கால் சூட்டுக்கும் தொடுகைக்கும் அளவுக்கு மீறிக் கூசிக்கொண்டே இருந்தது. அந்தக் காலில் காயமில்லை, வீக்கமில்லை, நரம்பில் வெட்டில்லை. நோவுணர் நார்கள் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தது மட்டுமே நடந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த முண்ணாணின் கலங்கள் தங்கள் செவியைக் கூர்மையாக்கிக்கொண்டு, பேச்சு நின்ற பிறகும் அந்தக் கூர்மையை விடாமல் வைத்துக்கொண்டன. இப்படி ஒரு காலை எக்ஸ்ரே எடுத்தால் எதுவும் தெரியாது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். முண்ணாணின் கூர்மையைக் காட்டாது. வலி நரம்பு தன்னிச்சையாகப் பேசினாலே, வெளியே எந்தக் காரணமும் தெரியாத, ஆனால் முற்றிலும் உண்மையான வலி உருவாகும் என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டிய சோதனை இதற்கு முன் அரிது. ‘கள்ளம்’ என்று சொல்பவர்களுக்கு உங்களால் சொல்லக்கூடிய பதில் இதில் இருக்கிறது.

கம்பளி படும்போது ஏன் வலிக்கிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. மெல்சக், வோல் என்ற இருவர் 1965இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: முண்ணாணின் பின்கொம்பில், அதாவது உணர்ச்சி நார்கள் வந்து சேரும் பின்பகுதியில், ஒரு வாயில் இருக்கிறது, தொடுகை நார்கள் எழுந்தால் அந்த வாயில் சற்றே சாத்தப்பட்டு வலி குறையும். இடித்த விரலை நாம் உடனே தடவிவிடுவது இதனால்தான் சுகம் தருகிறது. அந்த வாயிலைச் சாத்தி வைப்பவை தடுப்பு நரம்புக்கலங்கள். ஒளியையும் அதன் உறவுமுறை உத்திகளையும் கொண்டு எலிகளில் அந்தத் தடுப்புக் கலங்களை நிறுத்தியபோது, சாதாரணத் தொடுகையே வலியாக மாறியது. வேலியில்லாத தோட்டத்தில் மாடு புகுவதைப்போல, தொடுகையின் செய்தி வலியின் பாதைக்குள் புகுந்துவிடுகிறது. தொடுகைக்கும் வலிக்கும் இடையிலிருந்த அந்த வேலி சரிந்திருப்பதே கம்பளியைப் பொறுக்க முடியாமைக்கு ஒரு காரணம். மூளையிலும் இதுபோன்ற இடங்கள் உண்டு. எலி மூளையின் முன்பக்க வளைமடிப்புப் புறணி என்ற பகுதியில் தடுப்புக் கலங்களை ஒளியால் எழுப்பியபோது வலியின் அறிகுறிகள் குறைந்திருக்கின்றன. தோலின் மேற்படைக் கலங்களில் சானல்ரொடொப்சினை வைத்து, அந்தக் கலங்களுக்கு மட்டும் ஒளி காட்டியபோது நரம்புகள் பேசத் தொடங்கியதை 2015இல் கண்டார்கள். வலி தொடங்குமிடம் நரம்பு நுனி மட்டுமே என்று நான் மாணவனாக இருந்தபோது படித்த பாடத்தை அது திருத்தியது.

சீனி வருத்தத்துக்கு மிக நெருக்கமான சோதனை ஒன்றும் இருக்கிறது. அது ஒளியைப் பயன்படுத்தவில்லை. ஒளிக்குப் பதிலாக, வேறெந்தக் கலமும் கண்டுகொள்ளாத ஒரு மருந்தைக் கொண்டு இயக்கும் செயற்கை வாங்கிகளை (மருந்து வந்து பிடித்துக்கொள்ளும் புரதங்களை) அதே நவ் 1.8 கலங்களில் வைத்தது. 2018இல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வில், கொழுப்பு மிகுந்த உணவால் நீரிழிவுக்கு உள்ளான எலிகளின் நோவுணர் கலங்களை அமைதிப்படுத்தியபோது, தொடுகை வலி குறைந்தது. அத்தோடு தோலில் வாடிக்கொண்டிருந்த நுண்ணிய நரம்பு நுனிகளும் மீண்டன. ஓயாத பேச்சே நரம்பை வாட்டுகிறது, வாடிய நரம்பே எரிவைக் கூட்டுகிறது என்ற சுழற்சி அதில் தெரிகிறது. எலியில் கண்டது மனிதரில் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலியைத் தணிப்பது அம்மாவுக்குச் செய்யும் சலுகை என்று எண்ணாமல், நோயையே கவனிப்பதன் ஒரு பங்காக எண்ண இது எனக்குத் துணிவு தருகிறது.

அப்படியானால் மனிதருக்கு ஏன் இன்னும் வரவில்லை? ஒளிமரபியல் மனிதரைத் தொட்டிருக்கிறது, கண்ணில். விழித்திரை நோயால் பல பத்தாண்டுகளுக்கு முன் பார்வையை இழந்த 58 வயது மனிதர் ஒருவருக்கு, ஒரு கண்ணில் ஒளியுணர் புரதத்தின் மரபணுவை வைரசின் வழியாகக் கொடுத்து, ஒளியை வடிவமைத்து வீசும் கண்ணாடி அணிவித்துப் பழக்கியதில், மேசை மேலிருந்த குறிப்பேட்டையும் குவளையையும் கண்டு கைநீட்டும் அளவுக்கு ஓரளவு பார்வை திரும்பியது. 2021இல் அது வெளியானது. கண் ஒளிக்குத் திறந்தே இருக்கும் உறுப்பு. உடலின் எதிர்ப்புச் சக்தியும் அங்கே அடங்கியே நடக்கும். கால் அப்படியல்ல. எலியின் பாதம் உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, நீல ஒளி அதில் ஊடுருவிப் போய்விடும். மனிதத் தோலிலும் சதையிலும் நீல ஒளி ஒரு மில்லிமீற்றரளவு போவதற்குள் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. நம் தொடைக்குள் போகும் இடுப்பு நரம்போ ஒரு விரல் பருமன், ஆழமும் அதிகம். ஒளியைக் கூட்டினால் சூடு கூடும். அதனால் ரப்பர்போல நெகிழும், கம்பியில்லாமல் ரேடியோ அலையால் இயங்கும் மிகச் சிறிய ஒளிர்விளக்குகளை நரம்பின் பக்கத்திலேயே பதிக்கும் கருவிகளை 2015 முதல் அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் எலிகளில் வைத்துக் காட்டியிருக்கின்றன. கருவி ஒரு வழியாக வந்துகொண்டிருக்கிறது.

அதைவிடக் கடினம் உடலின் எதிர்ப்பு. அல்காவின் புரதம் நமக்கு அந்நியமானது. வளர்ந்த எலிகளின் கால் நரம்பில் சானல்ரொடொப்சின் வைத்த ஓர் ஆய்வில், ஒளிக்கு வந்த பதில் சில கிழமைகள் ஏறி, பிறகு உடல் அந்தப் புரதத்தை எதிர்த்ததால் தேய்ந்துபோனது. காவிச் செல்லும் வைரசையும் உடல் நினைவில் வைத்துக்கொள்வதால், இரண்டாம் முறை கொடுப்பது எளிதல்ல. மரபணு ஒருமுறை போய்ச் சேர்ந்தால் குளிசையை நிறுத்துவதுபோல நிறுத்தவும் முடியாது. மனிதரின் நோவுணர் கலங்கள் எலியினதை அப்படியே ஒத்தவையும் அல்ல.

வலியை முற்றாக அணைப்பது நல்லதும் அல்ல. வட பாகிஸ்தானில் பிறவியிலேயே வலியறியாத சில குடும்பத்தினரைப் பற்றிய ஆய்வு 2006இல் வெளிவந்தது; ‘நவ் 1.7’ என்ற சகோதர வாயில் பழுதாகி இருந்ததே காரணம். அந்த ஆய்வுக்குத் தூண்டுகோலாக இருந்த சிறுவன் தெருவில் தணல் மேல் நடந்தும், கையில் கத்தியைக் குத்தியும் காட்டுபவன். நம் மாரியம்மன் திருவிழாவில் நேர்த்திக்காகத் தீ மிதிப்பவர் சூட்டை உணர்ந்தபடியே நடக்கிறார். அந்தப் பிள்ளைக்குச் சூடு சுடவே இல்லை. 14 வயது நிறைவதற்கு முன், கூரையிலிருந்து குதித்து அவன் இறந்துபோனான். ஒளிமரபியலின் அருமை, விளக்கு எரியும்போது மட்டும், ஒரு காலில் மட்டும் வலியைத் தணிக்க வழி திறப்பதில்தான் இருக்கிறது.

இந்த ஆய்வின் பயன் ஒளியில்லாத உருவத்தில் முதலில் நம்மிடம் வரக்கூடும். நவ் 1.8 வாயிலை அடைக்கும் சுசெற்றிஜின் என்ற குளிசைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது இப்போதைக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் வருவது போன்ற திடீர் வலிக்கு உரியது. நாட்பட்ட நீரிழிவு வலிக்கென்று அனுமதிக்கப்பட்டதல்ல. மரபணுவைத் தொடாமல், ஒளி பட்டால் வடிவம் மாறும் விறைப்பு மருந்துகளையும் ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்திருக்கின்றன.

நகரத்து லேசருக்கு வருகிறேன், ஏனென்றால் கைக்காசு அங்கேதான் போகும். அல்காவின் புரதம் உள்ளே இல்லாத நரம்பு, நீல ஒளியைப் பார்த்து எழவும் மாட்டாது, மஞ்சள் ஒளியைப் பார்த்து உறங்கவும் மாட்டாது. நகரத்தில் காட்டுவது பெரும்பாலும் சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளி. அது கலங்களுக்குள் சக்தியை உண்டாக்கும் இழைமணிகளைத் தூண்டித் தசை நோவைக் குறைக்கும் என்பது அதன் அடிப்படை. புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க அந்த வகை ஒளிக்கு நல்ல ஆதாரம் உண்டு. கழுத்து நோவுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. ஆகவே அதைச் செய்பவர்கள் எல்லோரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீரிழிவால் வரும் பாத நரம்புப் பாதிப்புக்கு அகச்சிவப்பு ஒளியை, ஒளி வராத போலிக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், உண்மைக் கருவிக்கும் போலிக் கருவிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போலிக் கருவி வைத்தவர்களுக்கும் கொஞ்சம் சுகம் தெரிந்தது. கவனிப்பும் நம்பிக்கையும் செய்யும் வேலை அது. இன்னொரு ஆபத்தும் உண்டு. எரியும் பாதம் அதே வேளையில் சூட்டை உணராத பாதமாகவும் இருக்கலாம். சூடேற்றும் எந்தக் கருவியும் அப்படிப்பட்ட காலில் அவர் அறியாமலே கொப்புளம் வைத்துவிடும். இதே காரணத்தால், குளிருக்கு அடுப்படியில் காலை நீட்டி வைப்பதையும், வெந்நீர்ப் போத்தலைக் காலுக்கு வைப்பதையும் அம்மா இன்றே நிறுத்த வேண்டும். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்த பிறகே கால் கழுவ வேண்டும். அந்தப் பத்துத் தடவைப் பணத்தில் காலை இறுக்காத, உள்ளே தையல் உரசாத ஒரு சோடி சப்பாத்து வாங்கிக் கொடுங்கள்.

மருந்து இல்லாமல் இல்லை. நரம்பு வலிக்கு பனடோல் பெரிதாக உதவாது; அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின், டுலொக்செட்டின் போன்றவை உதவுகின்றன. இவை எல்லோருக்கும் ஒத்துவராது, எல்லோருக்கும் முழுச் சுகம் தராது. சிறுநீரகத்தையும் இதயத்தையும் பார்த்து டொக்டர்தான் தெரிந்தெடுக்க வேண்டும். சீனி வருத்தத்துக்கான மெட்போமின் குளிசையை ஆண்டுக்கணக்கில் போடுபவர்களுக்கு விற்றமின் பி 12 குறையலாம், அதுவும் காலை எரியச் செய்யும். அதற்கு இரத்தச் சோதனை உண்டு, குறைந்திருந்தால் ஈடுசெய்யவும் முடியும். சீனியைக் கட்டுக்குள் வைப்பது மேலும் நரம்பு வாடாமல் காக்கும்.

டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரிக்கோ நீரிழிவுக் கிளினிக் நாளில் அம்மாவோடு நீங்களும் போங்கள். அவர் ‘கால் வலி’ என்று மட்டும் சொன்னால் அது எலும்பு நோவாகவே எடுத்துக்கொள்ளப்படும். எரிகிறது, இரவில் கூடுகிறது, கம்பளி பட்டால் பொறுக்க முடியவில்லை, இரண்டு காலிலும் ஒன்றுபோல இருக்கிறது என்ற நான்கையும் இதே சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு பாத நரம்பைச் சோதிக்கும் நைலோன் நூல் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். 10 கிராம் நூல் என்றால் அவர்களுக்குத் தெரியும். ஸ்ரான்போட் ஆய்வில் எலியின் காலில் வைத்தார்களே, அந்த நூலின் உறவுதான் அது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருக்க, பெருவிரலின் அடியிலும் பாதத்தின் முன்மேட்டிலும் நூல் வளையும் வரை வைப்பார்கள். தெரிந்தால் ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும். அவர் எந்த இடத்தில் பேசாமல் இருக்கிறார் என்பதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்து, கொப்பியில் இரண்டு பாதங்களையும் வரைந்து அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியும் போக வேண்டும்.